பெரியம்மா பார்க்க வந்த வீடு

நம் வயதுக்கு வந்த பிறகு எல்லோரும் பிள்ளை வளர்ப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். முழங்கால் வலிக்கு அடுத்தபடியாக அதுதான் பேச்சு. யார் பிள்ளை உருப்பட்டது, யார் பிள்ளை கைநழுவிப் போனது, யாருக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியாது. நான் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். உன்னை வளர்த்தது யார் என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் நீண்டுவிடும். அவ்வளவு பேச இப்போதெல்லாம் தெம்பு இல்லை. இன்றைக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை விட்டுவிடுங்கள்.

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கண் தெரியாது. அப்பாவுக்குப் பிறவியிலேயே இல்லை. அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுப் போனது. பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் பழகி, கல்யாணம் கட்டிக்கொண்டு, ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பிடித்து இருந்தார்கள். நான் அங்கே வளரவில்லை. நான் பிறந்து சில வாரங்களிலேயே அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, என்னைக் கஹவத்தைப் பக்கம் தான் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குத் தூக்கி வந்துவிட்டார். பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டேன். பெற்றவரை 'ரம்புக்கனை அம்மா' என்பேன், ஊருக்கு ஒரு அம்மா இருப்பதுபோல. இங்கே குழப்பம் வேண்டாமென்று பெரியம்மாவைப் பெரியம்மா என்றே எழுதுகிறேன்.

லயத்தில், அதாவது நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "கண்ணு தெரியாதவ கையில பச்சப் புள்ளைய எப்பிடி விடுறது? எங்கயாச்சும் மிதிச்சிருவா. நல்லவேள, அக்காகாரி போய்த் தூக்கிட்டு வந்தா." பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லி நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதை மட்டும் யாரும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லமாட்டார்கள்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ரம்புக்கனையில் ஒரு தம்பி பிறந்தான் என்று செய்தி வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக்கூடம் லீவு. பெரியம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதை நிறுத்திவிட்டுப் பழைய சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டார். புறப்படுவதற்கு முந்தின நாளே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கூரை மரத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டார்.

"இப்பவே கட்டிட்டீங்களா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"வந்து கட்ட நேரம் இருக்குமா? பச்சப் புள்ளையோட வந்து எறங்குவேன்."

பெரியப்பா வாசலில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் ஸ்டோரில் வேலை அவருக்கு, பேச்சு குறைவு. "அவ குடுக்கணுமே" என்றார்.

"குடுக்காம? பெரியவள வளத்துக் காட்டலியா நான்?"

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி நம் வீட்டுக்கு வரப்போகிறான், தொட்டில் ஆட்டும் வேலை எனக்குத்தான் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை என்று பஸ் மாறி மாறி, நடுவில் ராணுவம் இறக்கி அடையாள அட்டை பார்த்து, வாந்தியெடுத்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். ரம்புக்கனையில் மலை ஏறப்போகும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். அது வந்து முட்டும்போது 'டங்' என்று ஒரு சத்தம், வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் ஒருமுறை பேசும். அந்த நேரம்தான் அப்பாவுக்கு வியாபாரம். ஊதுபத்தி, சீப்பு, ஊசி, பட்டன். அவருடைய கூட்டாளி ஒருவர், மாவனல்லைக்காரர், அவருக்கும் கண் தெரியாது, சாம்பிராணி விற்பார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்பார்கள். இருவரும் ரயிலின் இரண்டு முனையில் ஏறி நடுவில் சந்தித்துக்கொள்வார்கள். வீடு முழுக்க ஊதுபத்தியும் சாம்பிராணியும் கலந்த வாசம். இன்றும் ஏதாவது கோயிலில் அந்த வாசம் வந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வராது.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு விஷயம் புரிந்தது. அந்த வீட்டில் பல்பு இல்லை. ஹோல்டர் தொங்கியது, அதில் சிலந்தி குடியிருந்தது. அம்மா இருட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நானும் பெரியம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அய்யய்யோ, இவங்களுக்கு லைட் வேணுமே" என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா கோலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் சிரித்தார். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணே பல்பு?"

"ஊர்லேருந்து மச்சினிச்சி வந்திருக்காங்க. அவங்களுக்கு இருட்டுல ஒண்ணும் தெரியாது, பாவம்" என்றார் அப்பா.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வருகிறவர் தான் யார் என்று சொல்ல வேண்டும், போகிறவர் போகிறேன் என்று சொல்ல வேண்டும். எதையாவது எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை எனக்கு ஒரு நாளில் பழகிவிட்டது. பெரியம்மாவுக்குக் கடைசி வரை வரவில்லை. அம்மாவோடு பேசும்போது குரலை உயர்த்துவார், கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்பதுபோல. அம்மா தூங்கும்போது தன் மணிக்கட்டுக்கும் தம்பியின் காலுக்குமாக ஒரு அகலத் துணிப் பட்டையைக் கட்டிக்கொள்வார். பிள்ளை காலை உதறினால் உடனே எழுந்துவிடுவார். "நாய்க்குட்டியா கட்டி வைக்க?" என்று பெரியம்மா அதை அவிழ்த்துவிடுவார். தம்பி சிணுங்கினால் போதும், அம்மா கை நீட்டுவதற்குள் பெரியம்மா தூக்கிக்கொள்வார். நீண்ட கை காற்றிலேயே சற்று நேரம் இருந்துவிட்டு மடிக்கு வரும்.

நானாதான் ஒருநாள் சோறு சாப்பிடும்போது விளையாட்டாகக் கேட்டார். "என்ன அக்கா, புள்ளயப் பாக்க வந்தயா, புடிச்சிட்டுப் போக வந்தயா?"

"ரெண்டுந்தான்" என்றார் பெரியம்மா. "ஒளிச்சுப் பேச என்ன இருக்கு. வளந்ததும் அனுப்பிவைக்கிறேன். இப்ப இவளால ஏலுமா, நீங்களே சொல்லுங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா தம்பியைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு, "நான் கடத்தெருவுக்குப் போய்ட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேய்த்தபடி வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து, மூலையில் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில் பெரியம்மா சொன்னால் சொன்னதுதான்.

அம்மா எங்கே தவறு செய்கிறார் என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. ஒரு தவறு போதும், தம்பி எங்களோடு பஸ் ஏறிவிடுவான்.

அம்மா தம்பியைக் குளிப்பாட்டினார். முதலில் வெந்நீரை விளாவி முழங்கையை விட்டுப் பார்த்தார். துண்டு, பவுடர், சட்டை எல்லாம் கை எட்டும் இடத்தில் இருந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினார். நீட்டிய கால்மேல் போட்டு, நெற்றியில் கையை அணைகட்டித் தலைக்கு ஊற்றினார். கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். புளித்த பால் வாடை இருந்ததோ என்னவோ, இன்னொரு தரம் கழுவினார். பெஞ்சில் பெரியம்மா இரண்டு மூன்று தடவை பாதி எழுந்து கையை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனது. எனக்குப் பாவமாக இருந்தது, யாரைப் பார்த்து என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். சொல்லிவிட்டுப் போவார், சொல்லாமல் வருவார்.

ஒருநாள் வானம் இருண்டுகொண்டு வந்தது. பெரியம்மா பெஞ்சில். அம்மா சுவரில் சாய்ந்து தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அவனோடு எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"ஒனக்கு ஒரு கத சொல்லவா சாமி? ஒங்க அக்கா பொறந்தப்ப நாந்தான் வச்சிருந்தேன். நாந்தான் குளிப்பாட்டுனேன், நாந்தான் தூங்கவச்சேன். அவளுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப ஒங்க பெரியம்மா பாக்க வந்தாங்க. அவங்களுக்கு அந்த மாசந்தான் பொறந்த புள்ள தங்காமப் போச்சு. மார்ல பால் கட்டிக் கெடந்துச்சு. ஒங்க அக்கா அழுதா அவங்க சேல நனைஞ்சிரும். ஒரு நாள் நா தூங்குறேன்னு நெனச்சு அவள எடுத்து மார்ல போட்டுக்கிட்டாங்க. புள்ள குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அவங்க அழுவுற சத்தமுங் கேட்டுச்சு. அதுக்கு மேல எப்பிடிக் கேக்குறது, திருப்பிக் குடுங்கன்னு?"

தம்பி கொஞ்சம் இருமினான். அம்மா அவனை நிமிர்த்தி முதுகைத் தடவினார்.

"நாந்தான் சொன்னேன், எனக்கு ஏலாதுக்கா, நீங்களே கொண்டு போங்கன்னு. ஏலாதுன்னு சொன்னது பொய் சாமி. ஊரெல்லாம் அத நம்பிருச்சு. போகட்டும். ஆனா ஒன்னய நா யாருக்குங் குடுக்க மாட்டேன். இன்னொருக்கா அந்தப் பொய்யச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை படபடவென்று இறங்கியது.

"அக்கா," என்றார் அம்மா, குரல் மாறாமல். "இந்தப் பக்கமாத் தள்ளி ஒக்காருங்க. அந்த மூல ஒழுகும்."

பெரியம்மா எழுந்திருக்கவும் இல்லை, நகரவும் இல்லை. தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. "எப்பருந்து தெரியும்?" என்றார்.

"மொத நாள்லருந்து. ஒங்க மேல ரப்பர் பால் வாசம் போகுமா? அது கடத்தெருவுக்குப் போகவே இல்லையே."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீங்க பாத்தாத்தானே ஒங்க மனசு ஆறும்னு விட்டுட்டேன்."

"அந்தக் கதைய? அத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா புள்ளைய வாங்கியிருப்பீங்களா?"

பெரியம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய், மழையிலேயே நின்று, துவைத்த துணிகளை மறுபடியும் துவைத்தார். அந்தப் பேச்சு தம்பிக்குச் சொன்னது இல்லை என்பது எனக்குத் தெரியவர நான் ஒரு பிள்ளை பெற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மா தம்பியைத் தூக்கவேண்டுமென்றால், "தூக்கவா தங்கச்சி?" என்று கேட்டுத் தூக்கினார். தொட்டிலைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. சரி, தம்பி வரமாட்டான், அவ்வளவுதான் என்று இருந்தேன். என் கதையும் அதோடு அவிழ்ந்துவிட்டது என்று அப்போது தோன்றவே இல்லை.

போயா அன்றைக்குக் கூட்டாளிகள் வந்தார்கள். மாதம் ஒருமுறை முழுநிலா நாளில் வேலை கிடையாது, எல்லோரும் ஒரு வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். நானா வந்தார். அம்மாவோடு படித்த சிங்கள அக்கா ஒருத்தர் கேகாலையிலிருந்து வந்தார். அவருக்கும் கணவருக்கும் பார்வை இல்லை, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். துணிப் பட்டை அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பிள்ளை பிறந்தால் கூட்டாளிகள் கையால் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். எல்லோரும் வேப்பிலைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். தம்பி மடி மடியாகப் போனான். விரல்கள் அவன் முகத்தில் மெதுவாக நடந்தன.

"அனே, மூக்கு அப்பாதான்" என்றார் கேகாலை அக்கா, உடைந்த தமிழில். "பாவம் லமயா, சின்னப் புள்ள."

"காது என்னோடது" என்றார் நானா. "ரயில்ல சாமான் விக்கத் தோதா ஈக்கு." 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கு'தான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார்.

"பெரியவளையும் இங்க அனுப்புங்க" என்றார் கேகாலை அக்கா. நானும் போய் உட்கார்ந்தேன். என்னை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது, பிறகு தூக்கம் வருவதுபோல் சுகமாக இருந்தது. கடைசியில் அம்மாவின் கை வந்தது. மற்றவர்கள் கையைவிட அது சொரசொரப்பு. நெற்றி, புருவம், மூக்கு, உதடு, தாடை என்று இறங்கி, மறுபடியும் நெற்றியிலிருந்து ஆரம்பித்தது. பெற்றவளை உரித்து வைத்திருக்கிறாள் என்று லயத்தில் எல்லோரும் என்னைச் சொல்வார்கள்.

"அப்பிடியே எங்க அக்காதான்" என்றார் அம்மா.

அன்று மத்தியானமே புறப்பட்டோம். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பெரியம்மா கடைசியில், கேகாலை அக்காவின் தோளில் கைவைத்து நடந்து வந்தார். யாரும் அப்படி வரச் சொல்லவில்லை.

பஸ் நின்றிருந்தது, டிரைவர் இன்னும் வரவில்லை. பெரியம்மா என் பையைத் தரையில் வைத்தார்.

"தங்கச்சி, இவ இங்கயே இருக்கட்டும். ஒம் புள்ள."

அம்மா தம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "வேணாங்கா. வெறும் வீட்டுக்கு எப்பிடிப் போவீங்க?"

"எனக்கென்ன. ஒங்க மச்சான் இருக்காரு."

"குடுத்தது குடுத்ததுதாங்கா. கூட்டிட்டுப் போங்க."

"இல்ல, நீ வச்சுக்க."

பஸ்ஸில் நான்தான் டிக்கெட் எடுப்பேன் என்று நாம் மல்லுக்கட்டுவோமே, அந்த மாதிரி என்னை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். நல்லவர்கள் இருவர் நடுவில் நிற்பதைப்போல அலுப்பு வேறு இல்லை.

அப்பா தொண்டையைச் செருமினார், ஆனால் பேசியது நானாதான். "ரெண்டு பேரும் குடுத்துக்கிட்டே ஈக்கிறீங்க. புள்ளேட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? செல்லு மகள், நீ எங்க ஈக்கப் போற?"

எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதை என் பக்கம் திருப்பினார்கள். அம்மாவும்தான். தம்பியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

எனக்கு அங்கேயே இருக்க ஆசையாக இருந்தது. தம்பியோடு, ஊதுபத்தி வாசத்தோடு, என் முகத்தை இரண்டு தடவை பார்த்த அந்தக் கையோடு. வாய்வரை வந்துவிட்டது.

"யோசிக்காமச் சொல்லு" என்றார் பெரியம்மா. "எங்க இருந்தாலும் எனக்குச் சந்தோஷந்தான்."

குரல் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால் குரலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தை விட்டுவிட்டார். தாடை நடுங்கியது. சேலைத் தலைப்பை வாயருகே கசக்கிப் பிடித்திருந்தார். நிற்கிறவர்களில் அதைப் பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

"கஹவத்தைக்கே போறேன்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னேன்.

அம்மா என் தலையைத் தேடிப்பிடித்துத் தடவி, "அதுதான் சரி" என்றார். என் குரலில் அவருக்கு என்ன கேட்டது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், அதற்குப் பிறகு அவர் வெகுகாலம் இருந்தார். தம்பி அவரிடமே வளர்ந்தான். இன்றைக்கு அவனுக்கே தலை நரைத்துவிட்டது. உடம்பில் ஒரே ஒரு தழும்பு, அதுவும் கிரிக்கெட் பந்து பட்டது.

பஸ் புறப்பட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்தவர் கேகாலை வரை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பெரியம்மாவுக்குக் கண் தெரியும்.